துவர்ப்பு தணியும் வரை

2001ஆம் வருடத்துப் பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயின், மூன்று பாட்டில். செராலுங்கா தால்பா என்ற குன்றுக் கிராமத்தில், ஒரு சின்னக் குடும்பம் நடத்தும் ஒயின்கூடத்தில் 2005 இலையுதிர் காலத்தில் வாங்கினோம். ஒன்றை அடுத்த வருடமே திறந்துவிட்டோம். இரண்டாவதை 2014இல். மூன்றாவதை 2023 நவம்பரில், அதற்கு 22 வயது ஆனபோது. ஒவ்வொரு முறையும் என்ன சமைத்தோம், ஒயின் எப்படி இருந்தது, எது எதோடு சேர்ந்தது என்று அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சிவப்பு ஒயின் என்றால் கறி, அதுவும் கனமான கறி என்று எல்லோரும் சொல்வார்கள். வயதான ஒயின் என்றால் இன்னும் கனமான கறி என்று நானும் நினைத்திருந்தேன். இந்த மூன்று பாட்டில்களும் எனக்கு அதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டின.

நாங்கள் 2004 கடைசியில் வேலைக்காக வட இத்தாலியின் டூரின் நகருக்கு வந்தோம். அங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் ஆல்பா. ஆல்பாவைத் தாண்டியதும் லாங்கே குன்றுகள் தொடங்கிவிடும். ஒன்றன் பின் ஒன்றாக எழும் குன்றுகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கிராமம், ஒரு கோட்டை, சரிவெல்லாம் கோடு போட்டது போலத் திராட்சை வரிசைகள். 2014இல் யுனெஸ்கோ இந்தத் திராட்சை நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே 11 கிராமங்களின் எல்லைக்குள் விளைந்த நெபியோலோ திராட்சையில் செய்த ஒயினுக்கு மட்டுமே பரோலோ என்று பெயர் போடலாம். வேறு ரகம் கலக்கக் கூடாது. அறுவடைக்குப் பிறகு குறைந்தது 38 மாதம் காத்திருக்க வேண்டும், அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். 'ரிசெர்வா' என்று போட்டுக்கொள்ள 62 மாதம். 2001இல் பறித்த திராட்சை 2005இல் எங்கள் கைக்கு வந்தது அதனால்தான்.

நெபியோலோ பழைய ரகம். டூரினை ஒட்டிய ரிவோலியில் 1268இலேயே இந்தப் பெயர் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. இத்தாலிய மொழியில் நெபியா என்றால் மூடுபனி. அக்டோபரில், மற்ற ரகங்களையெல்லாம் பறித்து முடித்த பிறகு, பள்ளத்தாக்குகளில் பனி இறங்கும் நேரத்தில் பறிப்பதால் இந்தப் பெயர் என்பார்கள். பழத்தின் மேல் படியும் வெண்பூச்சால் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, பனிக்காலையில் செராலுங்கா கோட்டைப் பக்கம் நின்றவர்களுக்கு முதல் விளக்கம்தான் பிடிக்கும். கீழே பள்ளம் முழுக்கப் பால் போல நிரம்பி, அதற்கு மேலே குன்று உச்சிகள் மட்டும் தீவுகளாகத் தெரியும்.

பார்வைக்கு நெபியோலோ ஏமாற்றிவிடும். இளமையிலேயே வெளிர் சிவப்பு, கண்ணாடிக்குப் பின்னால் பிடித்த விரல் தெரியும். லேசான ஒயின் போலிருக்கிறதே என்று வாயில் வைத்தால் நாக்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நிறம் குறைவு, துவர்ப்பைத் தரும் டானின் மிக அதிகம், புளிப்பும் அதிகம். அதிலும் செராலுங்கா பக்கத்து மண் பழையது, இறுகியது. மேற்கே லா மோரா பக்கத்து ஒயின்கள் சீக்கிரம் இளகி வாசம் வீசத் தொடங்கும். செராலுங்கா ஒயின்களுக்கு அவசரமே கிடையாது. எங்களுக்கு அன்று இது எதுவும் தெரியாது. போன முதல் கிராமம் அது, அவ்வளவுதான்.

முதல் பாட்டிலை 2006 வசந்தத்தில் திறந்தோம். போர்த்தா பலாத்சோ சந்தையில் நல்ல ஆட்டுக்கறி கிடைத்தது. ஊர்க் கணக்கில் மிளகாய்த்தூள் போட்டு, கொஞ்சம் புளி சேர்த்து, கெட்டியாகக் குழம்பு வைத்தேன். கறிக்குச் சிவப்பு ஒயின் என்று படித்ததை நம்பிப் பரோலோவை ஊற்றினோம். நோட்டில் அன்று எழுதிய வரி இது: 'வாழைக்காயைப் பச்சையாகக் கடித்த மாதிரி. வாய் உலர்ந்துவிட்டது. காரம் இரண்டு மடங்கு. கடைசியில் இரும்புச் சுவை.' பாதிப் பாட்டிலோடு நிறுத்திவிட்டுக் கார்க்கைத் திரும்பச் சொருகி வைத்தோம். பணம் வீணாகிவிட்டது என்று எனக்கு வருத்தம்.

மறுநாள் மாடிப்படியில் கீழ்வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். லாங்கேயில் பிறந்து, டூரினில் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்ன ஆண்டு, எந்த ஊர் என்று கேட்டார். செராலுங்கா, 2001 என்றதும், "இன்னும் பத்து வருடம் கழித்தல்லவா அதைத் திறக்க வேண்டும்!" என்றார். அப்புறம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நான் விவரித்தேன். "மீதி இருக்கிறதா? ஊற்றிவிடாதீர்கள், சாயங்காலம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஒரு துண்டு தோமா பாலாடைக்கட்டியும் ரொட்டியுமாக வந்தார். டூரின் இருக்கும் பியெமோந்தே மாநிலத்தின் மலைப்பக்கத்து மாட்டுப்பால் கட்டி அது, மிதமானது, வெண்ணெய் வாசம் உள்ளது. முதலில் ஒயினை மட்டும் ஒரு வாய் குடிக்கச் சொன்னார். முந்தின நாளை விடக் கொஞ்சம் தணிந்திருந்தது, இரவெல்லாம் காற்று பட்டிருந்ததே. ஆனாலும் பல் ஈறெல்லாம் இறுகியது. "அல்லாப்பா" என்றார். காயான சீமைப் பனிச்சைப் பழம் வாயைக் கட்டுவதை இங்கே அந்தச் சொல்லால் சொல்வார்கள். எங்கள் மொழியில் இதற்கு துவர்ப்பு என்று தனிச் சொல்லே உண்டு, அதை ஆறு சுவைகளில் ஒன்றாக எண்ணுகிறோம் என்றேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. துவர்ப்பை ஒரு சுவையாக மதிப்பவர்களுக்கு நெபியோலோ கஷ்டமாக இருக்கக் கூடாதே என்றார். பிறகு பாலாடைக்கட்டியை நன்றாக மென்று, விழுங்கும் முன் ஒரு வாய் ஒயின் எடுக்கச் சொன்னார்.

வாய் உலரவில்லை. பழம் தெரிந்தது. புளிப்புச் செர்ரி போல ஒன்று, அதற்குப் பின்னால் ரோஜா.

அந்த வித்தியாசத்துக்கான காரணத்தை நாம் தினமும் டீ டம்ளரில் பார்க்கிறோம். கடுந்தேநீர் துவர்க்கும், பால் விட்டால் துவர்ப்பு அடங்கிவிடும். பாலின் புரதம் தேயிலையின் டானினைப் பிடித்துக்கொள்கிறது. ஒயினிலும் அதுவேதான். நம் எச்சிலில் வழுவழுப்பைத் தரும் புரதங்கள் இருக்கின்றன. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வந்த டானின் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும்போது வழுவழுப்புப் போய், நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலைத்தான் துவர்ப்பு என்று உணர்கிறோம். வாயில் ஏற்கெனவே பாலாடைக்கட்டியோ கறியோ இருந்தால் டானினுக்குப் பிடிக்க வேறு புரதம் கிடைத்துவிடுகிறது. கொழுப்பும் வாயைப் பூசிக் காக்கிறது. கூடவே கொஞ்சம் உப்பு இருந்தால் கசப்பும் மட்டுப்படும்.

காரம் வேறு கதை. மிளகாய் எரிக்கும் அதே நரம்பு வாயிலைச் சாராயச் சத்தும் தூண்டுகிறது. பரோலோ சட்டப்படியே குறைந்தது 13 சதவீதம், பெரும்பாலும் 14ஐ ஒட்டி இருக்கும். குழம்பின் காரத்தை அது விசிறிவிட்டதில் வியப்பில்லை. குழம்பிலும் தவறில்லை, ஒயினிலும் தவறில்லை. இரண்டும் ஒரே மேசையில் உட்காரக் கூடாதவை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பரோலோவும் மிளகாயும் ஒரே நாளில் வருவதில்லை.

மீதி இரண்டு பாட்டில்களும் நிலவறைக்குப் போயின. டூரினின் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் அடித்தளத்தில் ஒரு சின்ன அறை உண்டு, கந்தீனா என்பார்கள். செங்கல் வளைவு, மண் தரை, இருட்டு, வருடம் முழுக்கக் குளிர்ச்சி. எங்களுடையதில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கவிட்டேன். கோடையிலும் 17 டிகிரியைத் தாண்டவில்லை. குளிர்காலத்தில் 11 வரை இறங்கும், மெல்ல இறங்கி மெல்ல ஏறும். ஒயினுக்கு இந்த மெதுவான ஏற்ற இறக்கம் போதும். சமையலறை அலமாரியில் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

2014 பாட்டிலைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. நாங்கள் இந்த ஊருக்கு வந்து பத்து வருடம் ஆனதைக் கொண்டாட நண்பர்களை அழைத்திருந்தோம். திறந்ததும் ஈரச் சாக்கு போல, மழையில் நனைந்த பழைய செய்தித்தாள் போல ஒரு நெடி. வயதான ஒயின் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்து எல்லோருக்கும் ஊற்றிவிட்டேன். யாரும் குறை சொல்லவில்லை. யாரும் இரண்டாவது வாய் குடிக்கவும் இல்லை. கார்க்கில் உருவாகும் டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருள் அது, ஒரு லிட்டரில் நானோகிராம் அளவு இருந்தாலே போதும், பழ வாசனை முழுவதையும் அமுக்கிவிடும். அந்த ஒயின்கூடத்தாரின் தவறு என்று நான் நினைக்கவில்லை. மரத்தில் பிறந்து, கார்க்கில் வந்தது. ஆனால் அன்று ஒன்று மனதில் பதிந்தது: வயதின் வாசனை வேறு, கெட்டுப்போன வாசனை வேறு. வயதான நல்ல ஒயினில் காட்டுத் தரை தெரியும், காளான் தெரியும், புகையிலை தெரியும். அவற்றுக்கு நடுவில் பழம் எங்கோ உயிரோடு இருக்கும். பழமே இல்லாமல் ஈர அட்டை மட்டும் இருந்தால் அது முதுமை அல்ல.

இனி மூன்றாவது பாட்டில். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அக்டோபர் முழுவதும் என்ன சமைப்பது என்ற யோசனைதான். பெரியவருக்கு அதில் சந்தேகமே இல்லை: பிரசாத்தோ அல் பரோலோ. மாட்டிறைச்சித் துண்டைக் கேரட், வெங்காயம், செலரி, கிராம்போடு ஒரு முழு பாட்டில் ஒயினில் இரவெல்லாம் ஊறவைத்து, மறுநாள் மணிக்கணக்கில் சிறுதீயில் வேகவைப்பது. பியெமோந்தேயின் பெருமை அது. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. இத்தனை வருடத்தில் அவருக்கும் அது தெரியும். ஆனாலும், "வீட்டில் மற்றவர்களுக்காவது செய்யுங்களேன்" என்றார். பச்சை இறைச்சியைக் கத்தியால் கொத்தி எண்ணெய் விட்டுத் தரும் கார்னே குரூதா இன்னொரு யோசனை. அதுவும் எனக்கு ஆகாது.

இந்தத் தடைதான் என்னை வேறு பக்கம் யோசிக்க வைத்தது. பிரசாத்தோ எதற்கு நல்லது? இளம் ஒயினுக்கு. ஐந்து, எட்டு வயதுப் பரோலோவின் டானினுக்குப் பிடித்துக்கொள்ள நிறையப் புரதமும் கொழுப்பும் தேவை. 22 வயது ஒயினில் அந்த வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. டானினும் நிறமியும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கரைந்து நிற்க முடியாத பங்கு வண்டலாக அடியில் இறங்கியிருக்கிறது. துவர்ப்பு தணிந்த பிறகு அதை அடக்க எதற்கு அவ்வளவு கறி? அந்த ஒயினில் மிஞ்சியிருப்பது வாசனை. ஒரு பாட்டில் இளம் ஒயினைச் சுண்டக் காய்ச்சிய குழம்பின் பக்கத்தில் அந்த வாசனை எப்படி எழுந்து நிற்கும்? இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. சரி, உங்கள் வழியில் செய்யுங்கள், பார்ப்போம் என்றார்.

நான் முடிவு செய்தது தயரீன். மெல்லிய, தங்க நிற முட்டை நூடுல்ஸ். தண்ணீரே சேர்க்காமல் மஞ்சள் கருவால் மட்டும் மாவு பிசைவார்கள். ஒரு கிலோ மாவுக்கு 30 மஞ்சள் கரு சாதாரணம், 40 போடும் சமையற்காரர்களும் உண்டு. நான் 300 கிராம் மாவுக்கு 10 போட்டேன். பிசைந்து, ஒரு மணி நேரம் மூடி வைத்து, காகிதம் போலத் தேய்த்து, சுருட்டி, கத்தியால் இழை இழையாக வெட்ட வேண்டும். இடியாப்பத்தை விடச் சற்றே தடிமன். அதற்குச் சாறு, குழம்பு எதுவும் கிடையாது. நல்ல வெண்ணெய், அதில் நாலைந்து சேஜ் இலை, ஒரு கைப்பிடி கிரானா பதானோ பாலாடைக்கட்டித் துருவல். இறக்கிய பிறகு மேலே வெள்ளை ட்ரஃபிள்.

ட்ரஃபிளைப் பற்றி ஒரு வார்த்தை. அக்டோபர் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் வரை ஆல்பாவில் அதற்கென்று சந்தையே நடக்கிறது. ஓக், பாப்லர் மரங்களின் வேரடியில், மண்ணுக்குள் விளையும் பூஞ்சை. நாய்கள்தான் மோப்பம் பிடித்துக் காட்டும். கிலோ ஆயிரக்கணக்கான யூரோ போகும், நாங்கள் வாங்கியது 12 கிராம். காகிதத்தில் சுற்றிக் காரில் வைத்தோம், டூரின் வரும் வரை கார் முழுக்கப் பூண்டும் தேனும் ஈர மண்ணும் கலந்த வாசம். அதைச் சமைக்கக் கூடாது. சூடான சாப்பாட்டின் மேல் மெலிதாகச் சீவினால், அந்தச் சூட்டிலேயே வாசனை எழும்.

பாட்டிலை ஐந்து நாளைக்கு முன்பே நிலவறையிலிருந்து எடுத்து நிமிர்த்தி வைத்தேன். நெபியோலோவின் வண்டல் மாவு போல மென்மையானது. கொஞ்சம் கலங்கினாலும் ஒயின் முழுவதும் கசக்கும். ஒரு நாள் போதும் என்பார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் திறந்தேன். இருபது வருடக் கார்க் திருகாணிக்குப் பொடிந்துவிடும் என்பதால் இரண்டு மெல்லிய தகடு கொண்ட திறப்பானைப் பெரியவரிடம் இரவல் வாங்கியிருந்தேன். கார்க்குக்கும் கழுத்துக்கும் நடுவே தகடுகளை ஆட்டி ஆட்டி இறக்கி, முறுக்கி மேலே இழுக்க வேண்டும். கார்க் முழுசாக வந்தது. மூக்கருகே கொண்டுபோனபோது கை கொஞ்சம் நடுங்கியது. 2014இன் நெடி இல்லை.

ஒரு விரலளவு ஊற்றிப் பார்த்தேன். முதல் வாசனை மகிழ்ச்சி தரவில்லை. பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தது போல இருந்தது. பதறி டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் கொட்டிவிடக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். இளம் பரோலோவை டிகாண்டரில் ஊற்றி மணிக்கணக்கில் காற்றாட விடலாம். இத்தனை வயதானதை அப்படி உலுக்கினால் வாசனையெல்லாம் சாப்பாட்டுக்கு முன்பே பறந்துவிடும். திறந்த பாட்டிலை அசையாமல் அப்படியே வைத்தேன். கழுத்து வழியாக நுழையும் காற்று அதற்குப் போதும். ஐந்து மணிக்கு அலமாரி வாசம் போய்விட்டது. ஏழு மணிக்கு, பாட்டில் கழுத்துக்குப் பின்னால் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, வண்டல் கழுத்தை எட்டும் வரை மெதுவாக டிகாண்டருக்கு மாற்றினேன். கடைசியில் இரண்டு விரலளவு கலங்கல் பாட்டிலிலேயே நின்றது.

ஒயின் அப்போது 17 டிகிரி. அறைச் சூட்டில் குடிப்பது என்பது ஹீட்டர் இல்லாத காலத்து அறைகளை வைத்துச் சொன்னது. 21 டிகிரியில் சாராய நெடிதான் முன்னால் வரும்.

வயிறு பெருத்த பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஊற்றி, வெள்ளைத் துணி மேல் சாய்த்துப் பார்த்தோம். நடுவில் மாதுளை நிறம், ஓரத்துக்கு வர வரச் செங்கல் நிறம், விளிம்பில் ஆரஞ்சு. நெபியோலோவின் சிவப்பு சீக்கிரம் பழுக்கும் சிவப்பு, அதனால் இந்த ஆரஞ்சு விளிம்பைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பரோலோவைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் தார், ரோஜா என்று இரண்டு சொற்களைச் சொல்வார்கள். இளம் ஒயினில் எனக்கு அந்தத் தார் ஒருபோதும் சரியாகப் பிடிபடவில்லை. அன்று பிடிபட்டது: உச்சி வெயிலில் இளகிய சாலை, தூரத்திலிருந்து வருவது போல. ரோஜா பூவாக இல்லை, காய்ந்த இதழாக இருந்தது, குல்கந்து சாடியைத் திறந்தால் எழுமே, அந்த மாதிரி. அதற்கு அடியில் அதிமதுரம், உலர்ந்த ஆரஞ்சுத் தோல், மழை விட்ட மறுநாள் மரத்தடிச் சருகு. பத்து நிமிடம் கழித்து முகர்ந்தால் புகையிலை. இன்னும் கழித்து, பழைய தோல் செருப்பு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு வாசனை முன்னால் வந்தது. நாங்கள் பேசுவதை நிறுத்திவிட்டுக் கிண்ணத்துக்குள் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வாயில் வைத்ததும் முதலில் புளிப்பு, உயிரோடு, கூர்மையாக. அதுதான் இந்த ஒயினை இத்தனை வருடம் நிமிர்த்தி வைத்திருந்தது. பிறகு செர்ரி வற்றல். கடைசியில் துவர்ப்பு வந்தது, 2006இல் வாயைக் கட்டிய அதே துவர்ப்பு. ஆனால் இப்போது பட்டுத்துணி போல நாக்கின் மேல் இழைந்து போனது. அது மறைந்துவிடவில்லை, மறையவும் கூடாது. நெல்லிக்காய் தின்ற பிறகு குடிக்கும் தண்ணீர் போல, விழுங்கி வெகு நேரம் கழித்தும் ஒரு இனிமை தொண்டையில் இருந்தது.

தயரீன் வந்தது. முதலில் ட்ரஃபிள் இல்லாமல், வெண்ணெயோடு மட்டும் ஒரு வாய், பிறகு ஒயின். முட்டையின் செழுமை துவர்ப்பை மெல்ல ஏந்திக்கொண்டது, வெண்ணெய் வாயைப் பூசியது, ஒயினின் புளிப்பு அந்த வெண்ணெயைக் கழுவி அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்கியது. அந்தச் சாப்பாட்டில் ஒயினோடு போட்டி போட எதுவுமே இல்லை. பிறகு ட்ரஃபிளைச் சீவினோம். ஒயினில் ஏற்கெனவே இருந்த ஈர மண்ணும் காளானும் தட்டிலிருந்து எழுந்த வாசத்தோடு கலந்து, எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாமல் போனது. நோட்டில் அதற்கு ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன்: 'இரண்டும் ஒரே காட்டிலிருந்து.'

பெரியவர் தட்டைக் காலி செய்துவிட்டு ரொட்டியால் வெண்ணெயைத் துடைத்துச் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் தட்டைத் துடைத்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

இரண்டாவதாக ஃபரவோனா, அதாவது கினிக்கோழி. ரோஸ்மேரியும் வறுத்த ஹேசல் கொட்டையும் வைத்து ஓவனில் வாட்டியது. லாங்கேயின் ஹேசல் கொட்டைக்குத் தனிப் பெயர் உண்டு. கோழியை விட அழுத்தமான, ஆட்டுக்கறியை விட மெல்லிய கறி. நன்றாகத்தான் சேர்ந்தது, குறிப்பாக வறுபட்ட தோலோடு. ஆனால் அடிச் சாற்றில் நான் வதக்கிச் சேர்த்த வெங்காயம் கொஞ்சம் இனித்துவிட்டது. அந்த இனிப்பு பட்ட வாயில் ஒயின் மெலிந்து, கசப்பாகத் தெரிந்தது. சாறில்லாமல் சாப்பிட்டால் சரியாக இருந்தது. தட்டில் இனிப்பு இருந்தால் இனிப்பில்லாத ஒயின் தோற்றுப்போகும். கேரட், வெங்காயம், தேங்காய்ப்பால் எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

கடைசியில் பெரியவர் கொண்டுவந்த காஸ்தெல்மாஞ்ஞோ. கூனியோ மலைகளில் செய்யும் புகழ்பெற்ற பாலாடைக்கட்டி, பொரபொரவென்று உதிரும். அவருடையது நன்றாக முற்றியது, நீல நரம்பு ஓடியிருந்தது. பரோலோவோடு இதைத்தான் சாப்பிட வேண்டும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். நான் உடன்படவில்லை. அந்தக் காரமான உப்பும் நெடியும் இளம் பரோலோவுக்குச் சரி, 22 வயது ஒயினை ஒரே வாயில் மூடிவிட்டது. ரோஜாவும் இல்லை, தாரும் இல்லை. பிறகு தோமாவை எடுத்தேன், 2006இல் அவர் கொண்டுவந்த அதே வகை. ஒயின் திரும்பி வந்தது. அவரும் இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பார்த்தார். "முற்றியதோடு முற்றியது சேராது போலிருக்கிறது" என்றார். பிரசாத்தோவைப் பற்றி அன்று அவர் பேசவே இல்லை.

இந்தியக் கடைச் சாமானை வைத்து வயதான நெபியோலோவுக்கு எதுவும் செய்ய முடியாதா என்று ஒரு தோழி கேட்டாள். முடியும். காளானை நெய்யில் நிதானமாக வதக்கி, மிளகாய் இல்லாமல், இறக்கும்போது இரண்டு திருப்பு மிளகு மட்டும் போட்டு, குழைந்த சாதத்தில் கலந்து சாப்பிட்டிருக்கிறோம். நெபியோலோவிலேயே செய்யும் பத்து வயதுப் பார்பரெஸ்கோ ஒயினோடு அது அருமையாக இருந்தது. தக்காளி, புளி, கரம் மசாலா எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. வெண்பொங்கலை நான் இன்னும் முயன்று பார்க்கவில்லை. நெய்யும் மிளகும் பருப்பும் இருப்பதால் நம்பிக்கை இருக்கிறது, இஞ்சியைக் குறைத்தால் வரும் என்று தோன்றுகிறது.

இரவு பதினொரு மணிக்கு டிகாண்டரில் ஒரு கிண்ணம் மிச்சமிருந்தது. அப்போது ரோஜா இறங்கிவிட்டது, அதிமதுரமும் தேயிலையும்தான் மேலே. இன்னும் ஒரு மணி நேரம் போனால் தளர்ந்துவிடும் என்று தெரிந்தது, மூன்று பேரும் பகிர்ந்து முடித்தோம். பாட்டிலில் நின்ற வண்டலை மெல்லிய துணியில் வடித்து, தெளிந்ததை மறுநாள் அரிசியோடு, கோழிச் சாறோடு ரிசோத்தோவில் சேர்த்தேன்.

இந்த வருடம் பெரியவர் முறை. 1996 ஒன்று அவர் நிலவறையில் இருக்கிறது, மோன்ஃபோர்த்தே கிராமத்தது. டானின் இறுகிய, மெல்லத் திறக்கும் ஆண்டு என்று 1996க்குப் பெயர். சமையல் என்னிடம் விட்டிருக்கிறார். கினிக்கோழி வேண்டாம், தயரீன் மட்டும் போதும், வேண்டுமானால் இரண்டாவது தட்டும் அதுவே என்று சொல்லியனுப்பினார். வரும் சனிக்கிழமை. பாட்டிலை நேற்றே நிமிர்த்தி வைத்துவிட்டாராம்.